தபால் பெட்டியை விற்ற தேசம்

2025-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 30-ந் தேதி, டென்மார்க் தேசத்துத் தபால்காரர்கள் வழக்கம்போல் வீடு வீடாகச் சென்று கடிதங்களைக் கொடுத்தார்கள். மறுநாள் அவர்கள் கடிதம் கொண்டுவரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. வேலை நிறுத்தம் ஒன்றும் இல்லை, பனிப்புயலும் இல்லை. கடிதம் கொண்டுபோய்க் கொடுக்கும் காரியத்தையே அந்தத் தேசத்துத் தபால் ஸ்தாபனம் அன்றோடு முடித்துக்கொண்டுவிட்டது. 1624-ஆம் வருஷத்தில் நான்காம் கிறிஸ்தியன் என்னும் அரசர் ஆரம்பித்து வைத்த வேலை, நானூற்றோரு வருஷங்களுக்குப் பிறகு இப்படி முற்றுப் பெற்றது. பார்சல்களை மாத்திரம் அந்த ஸ்தாபனம் தொடர்ந்து சுமந்து செல்லும்.

தெரு முனைகளில் நின்ற சுமார் 1,500 சிவப்புத் தபால் பெட்டிகளையும் பெயர்த்து எடுத்தார்கள். அவற்றில் ஆயிரம் பெட்டிகளை, அந்த டிசம்பர் மாதத்திலேயே தர்ம காரியத்துக்கு நிதி சேர்ப்பதற்காக விற்பனைக்கு வைத்தார்கள். நல்ல நிலைமையிலுள்ள பெட்டி ஒன்றுக்கு 2,000 குரோனர் விலை. சில மணி நேரத்துக்குள் அத்தனை பெட்டிகளும் விற்றுப் போயின! கடிதம் போடுவதற்கு ஆள் கிடைக்காத பெட்டியை வீட்டு வாசலில் அலங்காரமாக வைத்துக்கொள்வதற்கு எத்தனை போட்டி, பாருங்கள்!

இந்தச் செய்தியை நாம் நண்பர்கள் இருவரிடம் சொன்னோம். ஒருவர், "சபாஷ்! முன்னேற்றம் என்றால் இதுவல்லவா? நமது தேசத்திலும் இதைச் செய்துவிட்டால் சர்க்காருக்கு எவ்வளவு மிச்சம்!" என்றார். மற்றவர், "கலி முற்றிவிட்டது. அதற்கு வேறு அத்தாட்சி வேண்டுமா?" என்று பெருமூச்சு விட்டார். கடைசியாக நீங்கள் எப்போது கடிதம் எழுதினீர்கள் என்று இருவரையும் கேட்டோம். இருவருக்கும் ஞாபகம் இல்லை.

அபிப்பிராயம் சொல்லுவதற்கு முன்னால், டென்மார்க் தேசத்தார் எப்படி இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள் என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. அது சிறிய தேசம்; மொத்த ஜனத்தொகை அறுபது லட்சந்தான். 1968-ஆம் வருஷத்திலேயே ஒவ்வொரு பிரஜைக்கும் ஒரு பதிவு எண் கொடுத்துவிட்டார்கள். 2014-ஆம் வருஷத்தில் மற்றொரு சட்டம் அமலுக்கு வந்தது. அதன்படி சர்க்கார் காகிதங்களெல்லாம் கம்ப்யூட்டர் மூலமாகவே ஒவ்வொருவருடைய மின் தபால் பெட்டிக்கும் வந்து சேரும். வரி நோட்டீஸ் ஆகட்டும், ஆஸ்பத்திரிக்கு வரவேண்டிய தேதி ஆகட்டும், பள்ளிக்கூட விஷயம் ஆகட்டும், எல்லாம் அதில்தான். முடியாதவர்கள் காரணம் காட்டி விலக்குப் பெறலாம். விளைவு என்னவென்றால், 2000-ஆம் வருஷத்தில் ஏறக்குறைய 140 கோடியாக இருந்த கடிதங்களின் எண்ணிக்கை, 2024-ல் 11 கோடியாகக் குறைந்துவிட்டது.

இதுவரையில் நடந்ததைக் குறைகூற நம்மால் இயலாது. கடிதத்துக்குப் பதிலாக வேறொன்றைக் கொடுத்துவிட்டு, அது ஜனங்களுக்குப் பழகுவதற்குப் பத்து வருஷத்துக்கு மேல் அவகாசமும் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் 2024-ஆம் வருஷ ஆரம்பத்தில் அமலுக்கு வந்த புதிய தபால் சட்டத்தைத்தான் கவனிக்க வேண்டும். எல்லாருக்கும் கடிதம் கொண்டுபோய்க் கொடுத்தே தீரவேண்டும் என்று தபால் ஸ்தாபனத்தின்மீது இருந்த கடமையை அந்தச் சட்டம் நீக்கிற்று. தபாலுக்கு இருந்த வரிவிலக்கையும் நீக்கிற்று. அதன் பிறகு சாதாரணக் கடிதம் ஒன்றுக்கு 29 குரோனர் கட்டணம் ஆயிற்று. நமது பணத்தில் முந்நூறு ரூபாய்க்கு மேல்! அப்புறம் யார் கடிதம் எழுதுவார்கள்? கூலியை ஏற்றினார்கள், கடிதம் குறைந்தது. கடிதம் குறைந்துவிட்டதே என்று கடையைக் கட்டினார்கள்.

கடிதம் அனுப்பியே ஆகவேண்டும் என்பவர்களுக்கு இப்போது ஒரு தனியார் கம்பெனி இருக்கிறது. கடிதத்தை அந்தக் கம்பெனி ஏற்பாடு செய்துள்ள கடைக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். வீட்டுக்கு வந்து எடுத்துப் போகவேண்டுமானால் அதிகப்படி கூலி. அந்தக் கூலியையும் கம்ப்யூட்டரிலோ கைபேசியிலோதான் கட்டவேண்டும். கம்ப்யூட்டர் தெரியாத கிழவர்தான் கடிதம் எழுதுகிறார். அவர் கடிதம் அனுப்புவதற்குக் கம்ப்யூட்டர் தெரிந்திருக்க வேண்டும்! டென்மார்க்கில் காகிதத் தபாலையே நம்பியிருந்தவர்கள் இரண்டரை லட்சத்துக்கும் அதிகம் என்று அத்தேசத்து முதியோர் சங்கத்தார் கணக்குச் சொல்லியிருக்கிறார்கள். அறுபது லட்சத்தில் அவர்கள் நூற்றுக்கு நால்வர் அல்லது ஐவர். சிறுபான்மைதான். ஆனால், தபால் என்னும் ஏற்பாடு இந்த உலகத்தில் எதற்காக உண்டாயிற்றோ அதன் சரித்திரத்தைப் பார்த்தால், இந்த நால்வர் ஐவரை எண்ணித்தான் அதன் அஸ்திவாரமே போடப்பட்டது என்று தெரியவரும்.

அந்த அஸ்திவாரத்தைப் போட்டவர் ஓர் உபாத்தியாயர் என்று சொல்லிக்கொள்வதில், அதே தொழிலைச் செய்யும் எமக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. அவர் பெயர் ரௌலண்டு ஹில். இங்கிலாந்தில் அவர் காலத்துக்கு முன்பு, தபால் கூலியைப் பெரும்பாலும் கடிதம் வாங்குகிறவர்தான் கொடுக்க வேண்டும். கூலியோ தூரத்துக்குத் தக்கபடி. உறைக்குள் எத்தனை காகிதம் என்பதற்கும் தக்கபடி. தூர தேசத்தில் வேலைக்குப் போன மகனிடமிருந்து கடிதம் வந்தால், தாயார் அதை வாங்குவதற்கு ஒரு நாள் கூலியைக் கொடுக்கவேண்டி வரும். ஆகையால் ஜனங்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். மேலுறையிலேயே ரகசிய அடையாளம் ஒன்றைப் போட்டு அனுப்புவார்கள். வாங்குகிறவர் அதைப் பார்த்து, 'சௌக்கியந்தான்' என்று தெரிந்துகொண்டு, "கடிதம் வேண்டாம்" என்று திருப்பி அனுப்பிவிடுவார். நமது ஊர்களில் சில வருஷங்களுக்கு முன்புவரை 'மிஸ்டு கால்' கொடுத்துச் சேதி சொன்னவர்களுக்கு இந்த வித்தை நன்றாகப் புரியும்.

இந்தச் சங்கடமெல்லாம் ஏழைகளுக்குத்தான். பார்லிமெண்டு அங்கத்தினர்களுக்கோ தபால் இலவசம். உறையின்மேல் கையெழுத்துப் போட்டால் போதும். தங்கள் நண்பர்களுடைய கடிதங்களுக்கும் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார்கள்.

ஹில் என்ன செய்தார்? கணக்குப் போட்டார். லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு ஒரு கடிதத்தைச் சுமந்து செல்ல உண்மையில் ஆகும் செலவு, ஒரு பென்னியில் முப்பத்தாறில் ஒரு பங்குதான் என்று கண்டார். அப்படியானால் மற்றப் பணமெல்லாம் எங்கே போகிறது? தூரத்தைக் கணக்கிடுவதிலும், காகிதத்தை எண்ணுவதிலும், வாசலில் நின்று கூலி வசூலிப்பதிலும் போகிறது. ஆகவே கடிதம் பக்கத்து ஊருக்குப் போனாலும் நாட்டின் மறுகோடிக்குப் போனாலும் ஒரே கூலி, ஒரு பென்னி. அதையும் அனுப்புகிறவரே முன்னதாகக் கொடுத்து ஒரு முத்திரையை ஒட்டிவிட வேண்டும் என்று 1837-ல் ஒரு சிறு புத்தகம் எழுதி வெளியிட்டார். தபால் இலாகா உத்தியோகஸ்தர்கள் சிரித்தார்கள், பிறகு கோபித்தார்கள், பிறகு வழக்கப்படி ஒப்புக்கொண்டார்கள். 1840-ஆம் வருஷம் ஜனவரி 10-ந் தேதி பென்னித் தபால் ஆரம்பமாயிற்று. பார்லிமெண்டு அங்கத்தினர்களுடைய இலவசச் சலுகை போயிற்று. விக்டோரியா ராணியும் தம் சலுகையை விட்டுக்கொடுத்தார். ஒரே வருஷத்தில் கடிதங்கள் இரு மடங்குக்கு மேல் பெருகின. சர்க்கார் லாபம் பழைய நிலைமைக்கு வருவதற்கு மட்டும் பல வருஷங்கள் ஆயின என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

இந்த 'ஒரே கூலி' என்பதன் உட்பொருளைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பட்டணத்தில் பக்கத்துத் தெருவுக்குக் கடிதம் போடுகிறவன் தன் செலவுக்குமேல் கொஞ்சம் கொடுக்கிறான். மலை உச்சியில் தனி வீட்டில் இருக்கிறவன் தன் செலவில் ஒரு சிறு பங்கைத்தான் கொடுக்கிறான். ஒருவனுடைய குறையை மற்றவன் நிரப்புகிறான். நிரப்புகிறோம் என்பது அவனுக்குத் தெரிவதுகூட இல்லை. பிச்சை போட்டவனும் இல்லை, வாங்கினவனும் இல்லை.

இந்த ஏற்பாடு பதினான்கு வருஷங்களில் நமது தேசத்துக்கு வந்து சேர்ந்தது. 1854-ல் டல்ஹௌஸி பிரபுவின் காலத்தில், எடை குறைந்த கடிதத்துக்கு எவ்வளவு தூரமானாலும் அரையணா என்று நிர்ணயித்தார்கள். அந்த நாளில் ஓர் அணாவுக்கு ஒன்றரைப் பென்னி மதிப்பு. ஆகவே அரையணா என்பது இங்கிலாந்தின் பென்னியைவிடக் கால் பங்கு குறைவு! பெஷாவரிலிருந்து திருநெல்வேலிக்கு அந்த முக்கால் பென்னியில் கடிதம் போயிற்று. வெள்ளைக்காரர்கள் நம்மீது கொண்ட பிரியத்தினால் இதைச் செய்யவில்லை. ரயில், தந்தி, தபால் மூன்றும் ஒரே காலத்தில் வந்தது, ஆட்சியின் கையை நீளமாக்குவதற்காகவே. ஆயினும் அவர்கள் தங்கள் ராஜ்யத்துக்காக அமைத்ததை நமது ஜனங்கள் தங்கள் குடும்பங்களுக்காக உபயோகித்துக்கொண்டார்கள். 1879-ல் காலணாக் கார்டு வந்தது. 1880-ல் மணியார்டர் வந்தது. 1882-ல் தபாலாபீஸ் சேமிப்பு பாங்கி வந்தது. பட்டணத்துக்குப் பிழைக்கப் போனவன் மாதம் தவறாமல் வீட்டுக்கு அனுப்பிய பணமும், மணியார்டர் பாரத்தின் அடித்துண்டில் நெருக்கி எழுதிய நாலு வரியும் எத்தனை கிராமங்களில் அடுப்பெரிய வைத்தன என்பதற்கு யாரிடம் கணக்கு இருக்கிறது?

சுதந்திரம் வந்தபோது நமது தேசத்தில் 23,344 தபாலாபீஸ்கள் இருந்தன. இன்று 1,64,000-க்கு மேல் இருக்கின்றன. பத்தில் ஒன்பது பங்கு கிராமங்களில். உலகத்தில் வேறெந்தத் தேசத்திலும் இவ்வளவு கிடையாது. இமயமலைச் சாரலில், ஸ்பிதிப் பள்ளத்தாக்கில் ஹிக்கிம் என்னும் சிற்றூரிலே, கடல் மட்டத்துக்குமேல் பதினாலாயிரம் அடிக்கும் அதிக உயரத்தில், 1983 முதல் ஒரு தபாலாபீஸ் நடந்து வருகிறது. இதை நடத்துவது லாபமா என்று கணக்குப் பிள்ளையைக் கேட்டால் அவர் மூர்ச்சை போட்டு விழுவார். ஐம்பது பைசாக் கார்டு ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுப்பதற்கு ஆகும் செலவு அதைப்போல் பல மடங்கு.

கணக்குப் பிள்ளையைப் பற்றிச் சொல்லும்போது அமெரிக்காவின் கதை ஞாபகம் வருகிறது. லாபமே பெரிதென்று எண்ணும் தேசம் என்று அமெரிக்காவைப் பற்றி நமக்கு ஓர் எண்ணம். ஆனால் தபால் விஷயத்தில் அந்தத் தேசத்தின் போக்கு விசித்திரமானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிவரையில் அங்கே பட்டணத்துக்காரனுக்கு வீட்டில் தபால் வந்தது. குடியானவனோ வண்டி கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்த் தன் கடிதத்தை வாங்கி வரவேண்டும். இருவரும் ஒட்டுவது ஒரே முத்திரை! குடியானவர்கள் கிளர்ச்சி செய்தார்கள். கிராமங்களுக்குத் தபால் அனுப்பினால் கஜானா காலியாகிவிடும் என்று எதிர்த்தார்கள் சிலர். வெளியூர்ச் சரக்கு வீட்டுக்கே வந்துவிட்டால் நம் வியாபாரம் என்ன ஆவது என்று கிராமத்துக் கடைக்காரர்களும் பயந்தார்கள். 1896-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் மேற்கு வர்ஜினியாவில் மூன்று சிற்றூர்களில் சோதனையாக ஆரம்பித்தார்கள். 1902-ல் அது நிரந்தரமாயிற்று. ரஸ்தா நன்றாக இருந்தால்தான் தபால்காரர் வருவார் என்று இலாகாவார் நிபந்தனை போட்டதனால், கிராமத்தார் தங்கள் ரஸ்தாக்களைத் தாங்களே செப்பனிட்டுக் கொண்டார்கள். தபாலுக்காகப் போட்ட பாதையில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் நடந்தார்கள். அரிசோனா மாகாணத்தில் பெரும் பள்ளத்தாக்கின் அடியிலே சூபாய் என்னும் ஆதிக்குடிகளின் ஊர் ஒன்று இருக்கிறது. அங்கே ரஸ்தா கிடையாது. இந்த இருபத்தோராம் நூற்றாண்டிலும் கோவேறு கழுதைகளின் முதுகில்தான் தபால் இறங்குகிறது. கூலி, நியூயார்க் நகரத்தில் கொடுக்கும் அதே கூலிதான்.

அதே அமெரிக்காவில் 2006-ல் ஒரு சட்டம் செய்தார்கள். தபால் ஊழியர்கள் ஓய்வு பெற்ற பிறகு அவர்களுக்கு ஆகக்கூடிய வைத்தியச் செலவை முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்லிற்று. இதற்காக வருஷத்துக்கு ஏறக்குறைய 550 கோடி டாலர்! கடிதம் குறைந்து வந்த காலத்தில் இதுவும் தலையில் விழவே, தபால் இலாகா பெரும் நஷ்டக் கணக்குக் காட்ட ஆரம்பித்தது. "பார்த்தீர்களா, தபாலே நஷ்டந்தான்" என்று பேச ஆரம்பித்தார்கள். 2022-ல் அந்த ஷரத்தை ரத்து செய்து, வாரத்தில் ஆறு நாளும் தபால் கொடுக்கவேண்டும் என்பதையும் சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். நஷ்டத்தில் எவ்வளவு கடிதம் குறைந்ததனால் வந்தது, எவ்வளவு சட்டத்தினால் வந்தது என்று பிரித்துப் பார்க்காமல் யாராவது 'தபால் நஷ்டம்' என்று சொன்னால், நாம் இனிமேல் இரண்டாவது தரம் கேட்போம்.

பென்னித் தபால் பிறந்த இங்கிலாந்து இப்போது எப்படி இருக்கிறது? 2013-ல் கடிதம் கொண்டுபோகும் ஸ்தாபனத்தின் பங்குகளைச் சர்க்கார் விற்றுவிட்டது. 2025-ல் அது ஓர் அந்நிய தேசத்துக் கோடீசுவரரின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. அவ்வருஷம் ஏப்ரலில் முதல் வகுப்புக் கடிதத்தின் முத்திரை 1 பவுன் 70 பென்ஸ் ஆயிற்று. ஒரே கூலி என்னும் கொள்கையை மட்டும் இன்னும் விடவில்லை. ஆனால் அந்தத் தேசத்தில் தபால் சம்பந்தமாக நடந்த மற்றொரு விஷயம் இருக்கிறது. அதை நமது தேசத்தார் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

கடிதம் சுமக்கும் ஸ்தாபனம் வேறு. தபாலாபீஸ்களை நடத்தும் ஸ்தாபனம் வேறு. இந்த இரண்டாவது இன்னும் சர்க்காருடையது. கிராமத்துத் தபாலாபீஸ்களைப் பெரும்பாலும் உள்ளூர்க் கடைக்காரர்களே ஒப்பந்தத்தின்பேரில் நடத்துகிறார்கள். 1999 முதல் அவர்களுடைய கணக்கையெல்லாம் 'ஹொரைஸன்' என்னும் கம்ப்யூட்டர் ஏற்பாட்டில் எழுதவேண்டும் என்று உத்தரவாயிற்று. கம்ப்யூட்டர், இல்லாத குறையைக் காட்ட ஆரம்பித்தது. இன்றைக்கு ஆயிரம் பவுன் குறைகிறது. நாளைக்கு மூவாயிரம் குறைகிறது என்றது. பணத்தை எண்ணி எண்ணிப் பார்த்தவர்களுக்குப் பைத்தியம் பிடிக்காத குறைதான். சிலர் வீட்டை அடமானம் வைத்துக் கட்டினார்கள். "யந்திரத்தில் பிழை இருக்கலாமே?" என்று கேட்டவர்களுக்கு, "உங்களைத் தவிர வேறு யாரும் அப்படிச் சொல்லவில்லை" என்று பதில் வந்தது. ஒவ்வொருவரிடமும் இதே பதிலைத்தான் சொன்னார்கள்! கம்ப்யூட்டர் சரியாகவே வேலை செய்தது என்று கோர்ட்டுகளும் அனுமானித்துக்கொண்டன. திருட்டு, பொய்க் கணக்கு என்று 900-க்கு மேற்பட்டவர்கள் குற்றவாளிகளானார்கள். கருவுற்றிருந்த ஒரு பெண்மணியும் சிறைக்குச் சென்றார். குறைந்தது பதின்மூன்று பேர் தங்கள் உயிரையே மாய்த்துக்கொண்டிருக்கலாம் என்று 2025-ல் வெளிவந்த விசாரணை அறிக்கை சொல்லுகிறது.

இந்த அநியாயத்தை வெளிக்கொண்டு வந்தவர் வேல்ஸ் நாட்டில் சிறு தபாலாபீஸ் நடத்திய ஆலன் பேட்ஸ் என்பவர். 2003-ல் அவருடைய ஒப்பந்தத்தை ரத்து செய்தார்கள். அவர் சளைக்கவில்லை. தம்மைப் போன்றவர்களைத் தேடிச் சேர்த்து, 555 பேராக வழக்குத் தொடுத்தார். அந்த ஏற்பாட்டில் பிழைகள் இருந்தன என்று 2019-ல் ஹைகோர்ட்டு தீர்ப்புச் சொல்லிற்று. இருந்தும் பரிகாரம் மெதுவாகவே நடந்தது. 2024 ஜனவரியில் இதை நாடகமாகத் தொலைக்காட்சியில் காட்டிய பிறகுதான் தேசமே கொதித்தெழுந்தது. அவ்வருஷமே பார்லிமெண்டு ஒரு தனிச் சட்டம் செய்து, தண்டனை பெற்றவர்களில் நூற்றுக்கணக்கானவர்களை ஒருமுகமாகக் குற்றமற்றவர்களாக்கிற்று. இருபது வருஷம் கோர்ட்டு வாசலில் நின்றும் கிடைக்காத கவனம், நாலு நாள் நாடகத்தில் கிடைத்தது!

இதை நாம் இவ்வளவு விஸ்தாரமாகச் சொல்லுவதற்குக் காரணம் உண்டு. நமது கிராமத் தபால் ஊழியர்களின் கையிலும் இப்போது கருவி கொடுத்தாயிற்று. 2018-ல் ஆரம்பமான தபால் பாங்கியின் மூலம், தள்ளாத கிழவிக்கும் வாசலிலேயே, விரல் ரேகை வைத்தால் பணம் கிடைக்கிறது. இது மிகவும் நல்ல காரியம். பாங்கி எட்டிப் பார்க்காத ஊரில் தபால்காரர் பாங்கியாகவே வந்து நிற்கிறார். ஆனால் என்றைக்காவது ஒரு நாள் கருவி ஒன்று சொல்லி, முப்பது வருஷம் ஊராருக்குத் தெரிந்த மனிதர் வேறொன்று சொன்னால், நாம் யாரை நம்பப் போகிறோம்? இங்கிலாந்தில் அதற்கு விடை தெரிவதற்குள் பல குடும்பங்கள் அழிந்தன.

நமது தபாலிலும் புதிய காற்று வீசத்தான் செய்கிறது. 2013 ஜூலையில் தந்தி போயிற்று. அதற்காக யாரும் அதிகம் வருந்தவில்லை. 2025-ஆம் வருஷம் செப்டம்பர் முதல் தேதி ரிஜிஸ்டர் தபாலை ஸ்பீடு போஸ்டுடன் சேர்த்துவிட்டார்கள். இது வெறும் பெயர் மாற்றம் என்றுதான் பலரும் எண்ணினார்கள். கட்டணத்தைப் பாருங்கள். அதற்கு முன்பு, தேசத்தின் எந்த மூலைக்கானாலும், வரி உட்பட ஏறக்குறைய 26 ரூபாயில் ஒரு ரிஜிஸ்டர் கடிதம் அனுப்பலாம். அவ்வருஷம் அக்டோபர் முதல் அமலான ஸ்பீடு போஸ்டு விகிதப்படி, ஐம்பது கிராம் வரையுள்ள கடிதத்துக்கு உள்ளூரில் 19 ரூபாய், வெளியூருக்கு 47 ரூபாய், ரிஜிஸ்டர் செய்ய மேலும் 5 ரூபாய், வரி வேறு. எடை கூடினால் தூரத்துக்குத் தக்கபடியும் கூலி ஏறும். 1854-ல் வாசல் வழியாக வெளியே போன தூரக் கணக்கு, கொல்லைப்புற வழியாக மெதுவாக உள்ளே வந்திருக்கிறது! வக்கீல்களும் கம்பெனிகளும் இதைக் கவனிக்கக்கூட மாட்டார்கள். பட்டா மாறுதலுக்கு மனு அனுப்பி, 'அனுப்பினேன்' என்பதற்கு ஒரு ரசீதை மடியில் முடிந்துகொள்ளும் குடியானவன் கவனிப்பான்.

இன்னொரு விஷயத்தையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. கடிதத்தைப் பிரித்துப் படிக்கும் ஆசை எல்லாச் சர்க்கார்களுக்கும் உண்டு. 1844-ல் லண்டனில் அடைக்கலம் புகுந்திருந்த இத்தாலியத் தேசபக்தர் மாஜினியின் கடிதங்களை ஆங்கில மந்திரி பிரித்துப் பார்த்தார் என்று தெரிந்ததும் அங்கே பெரும் அமளி உண்டாயிற்று. அதே ஆங்கிலேயர்கள் 1898-ல் நமக்காகச் செய்த தபால் சட்டத்தில், கடிதங்களை இடைமறிக்கும் அதிகாரத்தைத் தாராளமாக எழுதி வைத்துக்கொண்டார்கள். நம் தலைவர்களுடைய கடிதங்கள் பட்ட பாட்டை நேயர்கள் அறிவார்கள். சுதந்திரத்துக்குப் பிறகாவது அந்த ஆசை தணிந்ததா? அதிகாரத்தை இன்னும் விரிவாக்கும் மசோதா ஒன்றை 1986-ல் நமது பார்லிமெண்டு நிறைவேற்றிற்று. அப்போது ராஷ்டிரபதியாக இருந்த ஜெயில் சிங், அதில் கையெழுத்திடவும் இல்லை, திருப்பி அனுப்பவும் இல்லை. அப்படியே மேஜைமேல் வைத்துவிட்டார்! 2002-ல் அது வாபஸ் ஆயிற்று. பழைய சட்டத்தின் இடத்தில் 2023-ஆம் வருஷத்துப் புதிய சட்டம் 2024 ஜூனில் அமலுக்கு வந்தபோது, கடிதம் சுமப்பதில் சர்க்காருக்கு இருந்த தனி உரிமை மறைந்துவிட்டது. இடைமறிக்கும் அதிகாரமோ மறையவில்லை. சுமக்கும் கடமை தளர்கிறது, பிரிக்கும் அதிகாரம் தளர்வதில்லை என்பதில் ஏதோ வேடிக்கை இருக்கிறது. எமக்குச் சிரிப்பு வரவில்லை.

டென்மார்க்கைப் பார்த்து நாமும் கடையைக் கட்டலாமா என்று கேட்ட நண்பரிடம் மறுபடியும் பேசினோம். அங்கே அறுபது லட்சம் பேரில் நூற்றுக்கு நால்வர் ஐவர் பின்தங்கினார்கள் என்றால், 140 கோடிக்கு மேற்பட்ட நமது ஜனங்களில் அதே விகிதத்தில் எத்தனை பேர் என்று கணக்குப் போடச் சொன்னோம். காகிதமும் பென்ஸிலும் எடுத்துக்கொண்டார். ஆறு கோடி என்று வந்தது. டென்மார்க்கின் மொத்த ஜனத்தொகையைப்போல் பத்து மடங்கு! நமது தேசத்தில் கைபேசியில் எழுத்துக்கூட்டிப் படிக்க இயலாதவர்களின் விகிதம் டென்மார்க்கைவிட அதிகம் என்பதை நாம் சொல்லவேண்டி வரவில்லை, அவரே சொல்லிவிட்டார்.

சென்ற வருஷம் நமது வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு ஐம்பது பைசாக் கார்டு வாங்கிக் கொடுத்து, யாருக்காவது எழுதிப் போடச் சொன்னோம். "ஸ்டாம்பு எங்கே ஒட்டவேண்டும்?" என்று ஒரு பையன் கேட்டான். கார்டிலேயே அது அச்சாகியிருக்கிறது என்பதைக் காட்டவேண்டி வந்தது. இன்னொரு பையன் தன் பாட்டியின் பெயரையும் ஊரின் பெயரையும் எழுதினானே தவிர, தெருப் பெயர் அவனுக்குத் தெரியவில்லை. பின்கோடு எண்ணை மாத்திரம் நாம் தேடிச் சொன்னோம். பத்து நாள் கழித்து அவன் பெயருக்குப் பள்ளிக்கூட விலாசத்தில் ஒரு கார்டு வந்தது. பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பையனுடைய கார்டைத் தபால்காரரே திண்ணையில் உட்கார்ந்து படித்துக் காட்டியிருக்கிறார். பாட்டி சொல்லச் சொல்லப் பதிலையும் அவரே எழுதியிருக்கிறார். மழை பெய்தது, பசு கன்று போட்டிருக்கிறது, லீவுக்கு வரும்போது பழைய சட்டைகளை எடுத்து வா என்றெல்லாம் எழுதிவிட்டு, ஓரத்தில் வேறு மசியில், 'பாட்டி சௌக்கியமாகவே இருக்கிறார்கள், தம்பி; கவலைப்படாதே' என்று தம் சொந்தப் பொறுப்பில் ஒரு வரி சேர்த்திருந்தார்.